உங்களுக்குத் தெரியுமா? எழுபது தாண்டியும் ஓயாத பேட்ஜர்

● அமெரிக்காவின் மிஷிகன் ஏரியில் ஆட்களையும் கார்களையும் அக்கரை சேர்க்கும் 'எஸ்.எஸ். பேட்ஜர்' என்ற கப்பல், 1953 மார்ச்சில் வேலைக்கு வந்தது. இன்னும் வேலையில்தான் இருக்கிறது. அன்று பொருத்திய அதே இரண்டு நீராவி எஞ்சின்கள். அன்று எரித்த அதே நிலக்கரி. நிலக்கரி எரித்துப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் அந்த நாட்டில் இது ஒன்றுதான் மிச்சம்.

● ஏரி என்றதும் நம் மனதில் வருவது வேறு. மிஷிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதியை நெருங்கும் அளவு. ஆழமான இடத்தில் 280 மீட்டர். நடு ஏரியில் நின்று சுற்றிப் பார்த்தால் எந்தக் கரையும் கண்ணில் படாது. புயலடித்தால் அலையும் கடலலைதான். கீழ்க்கரையில் மிஷிகன் மாநிலத்து லடிங்டன், மேல்கரையில் விஸ்கான்சின் மாநிலத்து மானிட்டோவாக். நடுவே 97 கிலோமீட்டர் தண்ணீர், நான்கு மணி நேரப் பயணம். கப்பல் வேண்டாம் என்று தெற்கே சிகாகோவைச் சுற்றிக் காரில் போனால் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

● காலை 9 மணிக்கு லடிங்டனில் ஏறினால் பகல் 12 மணிக்கு மானிட்டோவாக்கில் இறங்கலாம். பிற்பகல் 2 மணிக்கு அங்கே ஏறினால் லடிங்டன் வந்து சேர மாலை 7 மணி. போக மூன்று மணி நேரம், வர ஐந்து மணி நேரமா? இல்லை, இரண்டுமே நான்கு மணிதான். ஏரியின் நடுவே நேர மண்டலம் மாறுகிறது. போகும்போது ஒரு மணி நேரம் கையில் கிடைக்கிறது. திரும்பும்போது அதைக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

● 'கார் ஃபெர்ரி' என்ற சொல்லில் உள்ள 'கார்', முதலில் நாம் ஓட்டும் கார் அல்ல. ரயில்வேக்காரர்கள் பேச்சில் 'கார்' என்றால் ரயில் பெட்டி. இந்த ஏரியில் கார் ஃபெர்ரி பிறந்ததே சரக்கு ரயில் வேகன்களை அப்படியே கப்பலுக்குள் தள்ளி அக்கரையில் இறக்குவதற்குத்தான். 1892 நவம்பரில் 'ஆன் ஆர்பர் எண் 1' என்ற மரக்கப்பல், நிலக்கரி ஏற்றிய நான்கு வேகன்களைச் சுமந்துகொண்டு ஏரியைக் கடந்தது. ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியைத் தெருவில் ஓட்டியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து!

● ரயில் பெட்டியை எதற்குக் கப்பலில் ஏற்ற வேண்டும்? சிகாகோவுக்குப் பயந்துதான். கிழக்கே இருந்து மேற்கே போகும் சரக்கெல்லாம் ஏரியின் தென்முனையில் உள்ள அந்த ஒரே நகரத்தின் யார்டுகளில் வந்து குவிந்து, நாள்கணக்கில் நகராமல் கிடக்கும். ஏரியைக் குறுக்கே கடந்துவிட்டால் அந்த நெரிசலே இல்லை.

ஆனால் ஏற்றுவது சுலபமில்லை. கப்பல் பின்பக்கமாகத் துறைக்குள் வந்து நிற்கும். துறையிலிருந்து தண்டவாளம் பதித்த ஒரு சாய்பாலம் இறங்கிக் கப்பலின் பின்வாசலோடு பொருந்தும். கப்பலுக்குள்ளும் நீளவாக்கில் தண்டவாளங்கள். ரயில் எஞ்சின் வேகன்களை மெல்ல உள்ளே தள்ளும். ஒரே பக்கத்துத் தண்டவாளத்தில் மொத்தமாகத் தள்ளிவிட்டால் கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், பக்கம் மாற்றிமாற்றி எடை பார்த்து ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு வேகனையும் சங்கிலியால் கட்டி, அடியில் ஜாக்கி கொடுத்து, அலையில் அசையாதபடி இறுக்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள்! அக்கரையில் அத்தனையையும் அவிழ்த்து இறக்கி, அங்கே காத்திருக்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இரவு பகல் கிடையாது, குளிர்காலமும் கிடையாது. ஏரியில் பனிப்பாளம் மிதக்கும் மாதங்களிலும் உடைத்துக்கொண்டு போவதற்காகத்தான் பேட்ஜரின் உடலை அவ்வளவு கனமாகக் கட்டினார்கள். இன்று அது தாக்குப்பிடிப்பதற்கு அந்தக் கனமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

● பேட்ஜர் ஒற்றைப்பிள்ளை அல்ல. விஸ்கான்சின் மாநிலம் ஸ்டர்ஜன் பே ஊரில் கிறிஸ்டி கார்ப்பரேஷன் என்ற கப்பல் கட்டும் நிறுவனம், செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வேக்காக இரண்டு கப்பல்களை ஒன்றுபோலக் கட்டியது. மூத்தது 'ஸ்பார்ட்டன்', இளையது 'பேட்ஜர்'. 1952 செப்டம்பர் 6 அன்று இரண்டுக்கும் ஒரே விழாவில் பெயர் சூட்டினார்கள். மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழக விளையாட்டு அணியின் பெயர் ஒன்றுக்கு. விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியின் பெயர் மற்றொன்றுக்கு. கரைக்கு ஒரு பெயர் என்று பங்கு பிரித்தது போல!

● பேட்ஜர் என்பது மண்ணைத் தோண்டி வளை அமைத்து வாழும் ஒரு விலங்கு. விஸ்கான்சின்காரர்களுக்கு அந்தப் பெயர் வந்தது விலங்கினால் அல்ல, ஈயச் சுரங்கத்தினால். 1820களில் அங்கே ஈயம் தோண்ட வந்த கூலிகள், வீடு கட்ட நேரமோ பணமோ இல்லாமல் மலைச்சரிவில் குழி பறித்து அதிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். அவர்களைத்தான் 'பேட்ஜர்' என்றார்கள். கரியோடும் கொதிகலனோடும் பாடுபட்ட ஒரு கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

● 1950களிலேயே டீசல் எஞ்சின் வந்துவிட்டது. பிறகு ஏன் புதுக்கப்பலுக்கு நிலக்கரி? கட்டச் சொன்ன ரயில்வேயின் முக்கியப் பிழைப்பே மேற்கு வர்ஜீனியாச் சுரங்கங்களின் நிலக்கரியை ஏற்றி விற்பனைக்குக் கொண்டு போவதுதான். கரி விற்பவர்கள் வீட்டில் எரியும் அடுப்பு கரி அடுப்பாகத்தானே இருக்கும்! அன்றைக்கு வியாபாரக் கணக்குப் போட்டு எடுத்த அந்த முடிவுதான் பேட்ஜரைப் பிற்காலத்தில் அபூர்வமாக்கியது. ஒரு சமயம் அதன் உயிருக்கே உலை வைக்கவும் பார்த்தது.

● கீழ்த்தளத்தில் இருப்பவை ஸ்கின்னர் யூனாஃப்ளோ வகை நீராவி எஞ்சின்கள். இரண்டும் சேர்ந்து 7,000 குதிரைத்திறன். சாதாரண நீராவி எஞ்சினில் சிலிண்டரின் எந்த முனையில் நீராவி நுழைகிறதோ அதே முனை வழியாகத்தான் வெளியேறும். வெளியேறும் நீராவி ஆறிப்போயிருக்கும். அது சிலிண்டர் சுவரையும் குளிரவைத்துவிட்டுப் போகும். அடுத்து நுழையும் சூடான நீராவி, அந்தச் சுவரைச் சூடாக்குவதிலேயே தன் பலத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். யூனாஃப்ளோவில் அந்த வீணடிப்பு இல்லை. நீராவி சிலிண்டரின் முனையில் நுழைந்து, பிஸ்டனைத் தள்ளி, நடுவில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். ஒரே திசையில் ஓட்டம். சூடான முனை சூடாகவே இருக்கும், கரி மிச்சமாகும். நீராவிக் காலம் முடியப் போகிற வேளையில் நீராவி எஞ்சின் எட்டிய உச்சம் இது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1996-ல் இந்த எஞ்சின் அறையைப் பொறியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

● எஞ்சினைக் கேப்டன் மேலிருந்து நேரடியாக இயக்க முடியாது. மேல்தளத்தில் ஒரு வட்டமான பித்தளைத் தந்திக்கருவி. 'முழுவேகம்', 'அரைவேகம்', 'நில்', 'பின்னே' என்று அதன் கைப்பிடியைத் திருப்பினால் கீழே எஞ்சின் அறையில் மணியடித்து முள் நகரும். கீழே இருப்பவர் அதே இடத்துக்குத் தன் கைப்பிடியைத் திருப்பி 'கேட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டு, நீராவி வால்வைக் கையால் திறப்பார். மேலே இருப்பவருக்குத் தண்ணீர் தெரியும், எஞ்சின் தெரியாது. கீழே இருப்பவருக்கு எஞ்சின் தெரியும், தண்ணீர் தெரியாது. இருவருக்கும் நடுவே ஒரு மணியோசை.

● உங்கள் காரை நீங்கள் ஏற்ற முடியாது. சாவியைத் துறை ஊழியரிடம் கொடுத்துவிட்டு நடந்து போய் ஏற வேண்டியதுதான். 180 வண்டிகளை இடம் பார்த்து நிறுத்துவது அவர்கள் வேலை. பயணிகள் சுமார் 600 பேர். மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள். கொஞ்சம் கட்டையைச் சாய்க்க விரும்புபவர்களுக்குத் தனி அறைகளும் உண்டு. நடுவே 'பேட்ஜர் பிங்கோ' என்ற எண் விளையாட்டு. பல குடும்பங்களில் தாத்தா ஆடியதைப் பேரன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

● இந்த ஏரி உயிர்களையும் வாங்கியிருக்கிறது. 1910 செப்டம்பர் 9 அதிகாலை, 'பெரே மார்க்கெட் 18' என்ற கார் ஃபெர்ரி லடிங்டனிலிருந்து மில்வாக்கி போகும் வழியில் பின்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. எடையைக் குறைக்கக் கேப்டன் சில வேகன்களை ஏரிக்குள் தள்ளச் சொன்னார். கம்பியில்லாத் தந்தியில் உதவி கேட்டார்கள். அதன் உடன்பிறப்புக் கப்பலான 'பெரே மார்க்கெட் 17' விரைந்து வந்து, முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கேப்டனும் அதிகாரிகள் அனைவரும் அதில் அடக்கம். தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை. மூழ்கிய கப்பலை 2020-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

1929 அக்டோபர் 22 அன்று புறப்பட்ட 'மில்வாக்கி' என்ற ஃபெர்ரி கரை சேரவே இல்லை. ஒருவர்கூடத் தப்பவில்லை. கணக்கர் எழுதி உறையிலிட்டு மிதக்கவிட்ட குறிப்பு மட்டும் கரைக்கு வந்தது: பின்பக்கத்து அலைத்தடுப்புக் கதவு வளைந்துவிட்டது, உள்ளே வெள்ளம் என்று. பின்வாசல் திறந்த கப்பலுக்கு அந்தக் கதவுதான் உயிர்க்கதவு. இன்றும் பேட்ஜர் துறையை விட்டு நகர்ந்ததும் அந்தக் கனத்த கதவு இறங்குவதைப் பார்க்கலாம். அப்படி இறங்கும்போதெல்லாம் அந்தக் கணக்கரை யாராவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

● பேட்ஜர் அடையும் மானிட்டோவாக் ஒரு காலத்தில் நீர்மூழ்கிகளின் ஊர். கடலுக்கு வெகுதூரம் உள்ளே, நன்னீர்க் கரையில், இரண்டாம் உலகப் போரின்போது 28 நீர்மூழ்கிக் கப்பல்களை அங்கே கட்டி, சிகாகோ வழியாக மிசிசிப்பி ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள்.

● சரக்கு ரயில்கள் நீண்டன; டீசல் எஞ்சின்கள் வந்து சிகாகோவைத் தாண்டும் நேரமும் குறைந்தது. வேகனை ஏற்றி இறக்கி, கட்டி அவிழ்க்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. 1975-ல் ரயில்வே, ஃபெர்ரிகளைக் கைவிட அரசிடம் அனுமதி கேட்டது. 1979-ல் ஸ்பார்ட்டன் நின்றது. 1983-ல் கப்பல்கள் உள்ளூர்க்காரர்கள் நடத்திய ஒரு சிறு நிறுவனத்தின் கைக்குப் போயின. கடைசி வேகன்களை இறக்கிவிட்டு 1990 நவம்பர் 16 அன்று பேட்ஜரும் நின்றது. ஒரு நூற்றாண்டைத் தொட இரண்டு ஆண்டுகளே இருந்த தொழில் அன்றோடு முடிந்தது. முப்பத்தேழு வயதுக் கப்பல். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதுதான் பாக்கி.

● கூப்பிடவில்லை. லடிங்டனில் பிறந்து, வெளியூரில் தொழில் நடத்தி ஓய்வு பெற்ற சார்லஸ் கான்ராட் என்பவர், 1991-ல் பேட்ஜரோடு ஸ்பார்ட்டன், 'சிட்டி ஆஃப் மிட்லண்ட் 41' ஆகிய மூன்று கப்பல்களையும் வாங்கினார். வேகன் போகட்டும், மக்களும் கார்களும் போதும் என்று கணக்கை மாற்றினார். 1992 கோடையில் பேட்ஜர் மறுபடி கரி மூட்டியது. சரக்குக் கப்பலாக வாழ்ந்த கப்பல் விடுமுறைக் கப்பலாக மறுபிறவி எடுத்தது. கான்ராட் அதைப் பார்த்து மகிழ மூன்றே கோடைகள் கிடைத்தன, 1995-ல் இறந்தார். கப்பலைக் காப்பாற்றுவது என்றால் முதலில் அதற்கு ஒரு வேலை தேடித் தருவது என்பதை இந்த மனிதர் சரியாகப் புரிந்துகொண்டார். கட்டிவைத்து அழகு பார்த்திருந்தால் எஞ்சின் என்றோ இறுகிப்போயிருக்கும்.

● ஸ்பார்ட்டன் என்ன ஆனது? லடிங்டன் துறையிலேயே பல்லாண்டு அசையாமல் கிடந்தது. பேட்ஜரில் ஏதேனும் பழுது என்றால், ஸ்பார்ட்டனில் அதே பாகம் இருக்கும். கழற்றிக்கொண்டு வந்து பொருத்துவார்கள். அந்த எஞ்சினைச் செய்து தந்த பென்சில்வேனியா நிறுவனம் உதிரிபாகம் அனுப்பிய காலமெல்லாம் போய்விட்டது. தங்கை ஓடுவதற்காக அக்கா தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள் என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

● நன்னீர் இரும்பைத் தின்னாது. உப்புநீர் அளவுக்குத் தின்னாது என்பது இன்னும் சரி. அதனால்தான் நீண்ட ஆயுள் கொண்ட கப்பல்கள் ஏரிகளில் அதிகம். இதே அமெரிக்கப் பேரேரிகளில் 1906-ல் கட்டிய 'செயின்ட் மேரிஸ் சேலஞ்சர்' என்ற சரக்குக் கப்பல் 2013 வரை ஓடியது. நார்வேயின் மியோசா ஏரியில் துடுப்புச்சக்கரக் கப்பல் 'ஷீப்லாட்னர்' 1856-லிருந்து இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் 'லியெம்பா', ஜெர்மனியில் கட்டிப் பிரித்துப் பெட்டிகளில் கொண்டு போய்க் கோர்க்கப்பட்டது; முதல் உலகப் போரில் அதன் சொந்த ஆட்களாலேயே மூழ்கடிக்கப்பட்டு, 1924-ல் வெளியே எடுக்கப்பட்டு, மறுபடி பயணிகளைச் சுமந்தது.

உப்புநீரிலும் விதிவிலக்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கனடாவின் விக்டோரியாவுக்குப் போகும் 'கோஹோ' என்ற கார் ஃபெர்ரி 1959 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஆனால் கோஹோவின் எஞ்சின்களைப் பிற்காலத்தில் மாற்றிவிட்டார்கள். பேட்ஜருக்கு இதயம் பழையதேதான்.

● இனி மனதை உறுத்தும் செய்தி. கரி எரித்தால் சாம்பல் வரும். பல பத்தாண்டுகளாகப் பேட்ஜர் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஏரியிலேயே விட்டுவந்தது. ஒரு பருவத்துக்கு 500 டன்னுக்கு மேல். லட்சக்கணக்கானோருக்குக் குடிநீர் தரும் ஏரி அது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் டிக் டர்பின் போன்றவர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். கப்பலை நேசிப்பவர்கள் பலர் அன்று கோபப்பட்டார்கள்; ஆனால் எதிர்த்தவர்கள் கேட்டதுதான் நியாயம். பழையது என்பதற்காக ஒரு கப்பலுக்கு ஏரியை எழுதிக்கொடுக்க முடியாது. 2013-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு நீதிமன்றம் வழியாக உடன்பாடு ஆனது. 25,000 டாலர் அபராதம். 2015 பருவத்துக்குள் ஒரு பிடி சாம்பல்கூட ஏரியில் விழக்கூடாது என்ற கெடு. அதற்குள் சாம்பலைக் கப்பலிலேயே சேமித்துக் கரையில் இறக்கும் அமைப்பைப் பொருத்திவிட்டார்கள். இப்போது அந்தச் சாம்பல் சிமென்ட் தயாரிப்புக்குப் போகிறது. கப்பல் போகட்டும் என்று விட்டுவிடவும் இல்லை, ஏரி போகட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. இந்தக் கப்பலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது.

● யு.எஸ். 10 என்ற நெடுஞ்சாலை லடிங்டன் கரையில் முடிந்து, மானிட்டோவாக் கரையில் மறுபடி தொடங்குகிறது. நடுவே சாலை எங்கே? பேட்ஜர்தான் சாலை. 2015-ல் அந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகவே கப்பலை முறைப்படி அறிவித்தார்கள்.

● 2016-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. பொதுவாகச் சின்னத்தைப் பார்க்க நாம் போக வேண்டும். இந்தச் சின்னம் காலையில் ஒரு மாநிலத்தில் இருக்கும், மதியம் இன்னொரு மாநிலத்தில் இருக்கும்.

● காற்றாலைக் கோபுரங்களையும் பேட்ஜர் சுமந்திருக்கிறது. விஸ்கான்சின் கரையில் செய்த மிக நீளமான பாகங்களைச் சாலை வழியே சிகாகோவைச் சுற்றிக் கொண்டு போவது பெரும்பாடு. வேகன்களுக்காகக் கட்டிய நீண்ட தளம் அதற்குக் கைகொடுத்தது. கரியில் ஓடும் கப்பல் காற்றில் மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தை அக்கரை சேர்த்தது.

● 2020 டிசம்பரில் உரிமை மறுபடி கைமாறி, பேரேரிகளில் சரக்குக் கப்பல் நடத்தும் இன்டர்லேக் குழுமத்திடம் போனது. 2023 ஜூலையில் ஒரு சோதனை. கப்பலுக்கு ஒன்றுமில்லை, லடிங்டன் துறையில் சாய்பாலத்தைத் தூக்கி இறக்கும் எதிரெடைக் கட்டுமானம் சரிந்து விழுந்தது. யாரும் ஏற முடியாது, இறங்க முடியாது. அந்த ஆண்டுப் பருவம் பாதியிலேயே முடிந்தது. கப்பல் பிழைத்தால் போதாது, துறையும் பிழைக்க வேண்டும் அல்லவா! சரிசெய்து அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி ஓட்டினார்கள்.

● மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் பேட்ஜரின் பருவம் முடியும். ஒவ்வொரு கோடை மாலையும் லடிங்டனில் கப்பல் வரும் நேரத்துக்கு உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் அலைதடுப்புச் சுவரில் நடந்து போய் நிற்கிறார்கள். முதலில் அடிவானத்தில் ஒரு புகைக்கோடு. பிறகு வெள்ளை மேல்தளம். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்க நங்கூரத்தை இறக்குகிறது. நங்கூரம் அடியில் பிடித்துக்கொள்ள, அதையே அச்சாக வைத்து 410 அடி நீளக் கப்பல் அப்படியே சுழல்கிறது. பின்பக்கம் துறையைப் பார்த்துத் திரும்பியதும், மணியடித்து, மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, சாய்பாலத்தோடு பொருந்தி நிற்கிறது. ரயில் வேகன்களுக்காகப் பழகிய அதே முறை. பின்கதவு தூக்கப்படுகிறது. முதல் கார் வெளியே வருகிறது.